நோட்ஸ் ஆப்ல எழுதுறவங்களே, உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழிய பாருங்க

காட்பாடில சிஸ்டம், மொபைல் சர்வீஸும் டேட்டா ரெகவரியும் பண்றேன், பதினாலு வருஷமா. போட்டோ போச்சுன்னு வர்றவங்கதான் அதிகம், ஆனா எழுதுனது போச்சுன்னு வர்றவங்களுக்கு பதில் சொல்றதுதான் எனக்கு கஷ்டம். கல்யாண போட்டோன்னா சொந்தக்காரங்க யார்கிட்டயாவது ஒரு காப்பி இருக்கும், எழுதி வெச்சது வேற யார்கிட்டயும் இருக்காது.

போன வருஷம் குடியாத்தத்துலருந்து ஒரு ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் வந்தாரு. நாலு வருஷமா தறிக்காரங்க வீட்டுக்கு ஒவ்வொண்ணா போயி அவங்க பேசுற தொழில் வார்த்தைய எல்லாம் கேட்டு கேட்டு போன்ல எழுதி வெச்சிருந்தாராம், பாவு, ஊடை, தார்னு நமக்கு தெரிஞ்சது மட்டும் இல்ல, நூலு அறுந்தா, பாவு சிக்கிகினா, எது எதுக்கு என்ன பேருன்னு எல்லாமே. பேட்டர்ன் லாக் மறந்துபோயி ஒரு கடைல குடுத்திருக்காரு, அவங்க உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம ரீசெட் அடிச்சு குடுத்துட்டாங்க. "எவ்ளோ செலவானாலும் பரவால்ல தம்பி, எடுத்து குடுத்துடு"ன்னாரு.

எடுக்க முடியாது, அதான் உண்மை. இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போன்ல உள்ள இருக்குறது எல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தான் இருக்கும், அதாவது ஒரு ரகசிய சாவி போட்டு பூட்டுன மாதிரி, ரீசெட் அடிச்சா மொதல்ல அழியுறது அந்த சாவிதான். சாவி போனதுக்கு அப்புறம் சிப்ப கழட்டி படிச்சாலும் குப்பையாதான் வரும், எந்த சாப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது. முடியும்னு சொல்லி அட்வான்ஸ் வாங்குறவங்ககிட்ட தயவுசெஞ்சு ஏமாறாதீங்க.

ஓசூர்ல இருக்குற அவர் பொண்ணுக்கு அப்பப்ப வாட்ஸ்அப்ல சிலத அனுப்பி இருந்தாரு. அவங்க போன்ல அந்த சாட்ட எக்ஸ்போர்ட் பண்ண சொல்லி, வந்த பைல்லருந்து 38 வார்த்தைய பொறுக்கி எடுத்தோம். ஸ்கிரீன்ல ஒரு வார்த்தைய காட்டி "இத சொன்ன பெரியவரு தை மாசம் தவறிட்டாரு தம்பி, மிச்சத்த கேக்கணும்னா எங்க போவேன்"னாரு. எனக்கு பதில் வரல.

அவரோட போன்ல நோட்ஸ் ஆப் நல்லாதான் இருந்துச்சு, எழுத்து பெருசா, கலர் கலரா, திறந்த உடனே வரும். ஆனா அக்கவுண்ட் எதுலயும் சேக்கல, வெளிய எடுத்து வெக்கவும் இல்ல. ஆப் தேடும்போது எல்லாரும் உள்ள எப்படி எழுதுறதுன்னுதான் பாக்குறாங்க, எழுதுனது வெளிய எப்படி வரும்னு யாரும் பாக்குறதில்ல. நான் அத மட்டும்தான் மொதல்ல பாப்பேன்.

பெரிய கம்பெனி ஆப்தானே, எங்க போயிடும்னு கேப்பீங்க. எவர்நோட்னு ஒரு நோட்ஸ் ஆப் 2008லருந்து இருக்கு, 2023 டிசம்பர்ல இலவசமா யூஸ் பண்றவங்களுக்கு 50 நோட்டு, ஒரே ஒரு நோட்புக்குதான்னு மாத்திட்டாங்க. இருந்த நோட்ட அழிக்கல, ஆனா அம்பதுக்கு மேல வெச்சிருந்தவங்க புதுசா ஒண்ணு எழுதணும்னா காசு கட்டணும். கூகுளே நோட்புக்னு ஒண்ணு வெச்சிருந்து மூடுனாங்க. அவங்க கணக்கு மாறும், நம்ம எழுத்து அவங்க கணக்க நம்பி இருக்கக்கூடாது.

இன்னொண்ணு, சிங்க் ஆகுறத, அதாவது போன்ல எழுதுனது தானா லேப்டாப்லயும் வர்றத, நெறைய பேரு பேக்கப்புனு நெனச்சிக்கினு இருக்காங்க. ரெண்டும் வேற வேற. போன்ல தெரியாம ஒரு நோட்ட அழிச்சிட்டா சிங்க் அந்த அழிவையும் சேத்துதான் லேப்டாப்புக்கு கொண்டு போகும். கூகுளோட நோட்ஸ் ஆப்பான கீப்ல டிராஷ்ல போட்டது 7 நாள்தான் இருக்கும், எட்டாவது நாள் ஞாபகம் வந்து ஓடி வந்தா நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. கீப்ல இருக்குறத மொத்தமா வெளிய எடுக்கணும்னா கூகுள் டேக்அவுட்னு இருக்கு, அதுல போயி கீப்ப மட்டும் டிக் பண்ணா ஜிப் பைலா வரும்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. வேலூர்னு எழுதுனா நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு, வ, ஏகார கொம்பு, ல, ஊகார குறி, ர, புள்ளி. கீப்ல ஒரு நோட்டுக்கு சுமாரா 20,000 கேரக்டர்தான் லிமிட்டு, தமிழ்ல அது சட்டுனு நெறைஞ்சிடும், நாவல் அத்தியாயம் எழுத அது சரிப்படாது. தேடும்போதும் இதேதான், நெறைய ஆப்ல "வேலூர்"னு புள்ளியோட தேடுனா "வேலூரில்", "வேலூருக்கு" கெடைக்காது, ஏன்னா அங்க புள்ளி இல்ல. கடைசி புள்ளிய எடுத்துட்டு "வேலூர"ன்னு தேடி பாருங்க, எல்லாம் வரும். பாமினி மாதிரி பழைய பாண்ட்ல அடிச்சு வெச்சிருந்தா சுத்தமா தேடவே முடியாது, அத மொதல்ல இப்ப எல்லா போனும் படிக்குற யூனிகோடுக்கு மாத்திடுங்க. அந்த மாதிரி பென்டிரைவ் மாசத்துக்கு ஒண்ணாவது எங்கிட்ட வருது.

நெட் இல்லாதப்ப திறக்குமான்னும் பாத்துக்கோங்க. ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல தெனமும் சென்னைக்கு வேலைக்கு போற ஒரு பொண்ணு ரயில்லயேதான் கதை எழுதுவாங்க, சிக்னல் போனா பக்கமே திறக்காத ஆப்ல ஒரு மாசம் கஷ்டப்பட்டுட்டு மாத்திக்கினாங்க.

எதுதான் போடட்டும்னு கேட்டா, நான் சொல்றது ஆப்சிடியன் இல்லனா ஜாப்ளின். ஆப்சிடியன்ல ஒவ்வொரு நோட்டும் உங்க போன்லயே ஒரு போல்டர்ல தனித்தனி டெக்ஸ்ட் பைலா இருக்கும், நாளைக்கு அந்த கம்பெனியே இல்லாம போனாலும் சாதா நோட்பேட்ல திறந்து படிக்கலாம். ஆப் இலவசம், ஆனா போனையும் லேப்டாப்பையும் அவங்க சிங்க்ல சேக்கணும்னா காசு. ஜாப்ளின் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோட யார் வேணாலும் பாக்கலாம், டிராப்பாக்ஸ் இல்லனா ஒன்டிரைவ் மாதிரி ஆன்லைன் ஸ்டோரேஜ்ல சேத்துக்கலாம், லேப்டாப்ல எல்லாத்தையும் மார்க்டவுன்ங்கிற சாதா டெக்ஸ்ட் பைலா வெளிய எடுக்கலாம். ரெண்டும் பாக்க கொஞ்சம் வறட்டுன்னுதான் இருக்கும், ஒரு வாரத்துல பழகிடும்.

எந்த ஆப்பா இருந்தாலும் மொத நாளே மூணு நோட்டு எழுதுங்க, ஒண்ணு நீளமா, ஒண்ணு போட்டோவோட, ஒண்ணு "கொ", "சௌ", "ஸ்ரீ" எல்லாம் வர்ற மாதிரி. அத எக்ஸ்போர்ட் பண்ணி வேற ஒருத்தர் போன்ல திறந்து பாருங்க. மூணும் ஒழுங்கா வந்தா வெச்சிக்கோங்க, வரலன்னா அன்னிக்கே தூக்கிடுங்க, மூணு நோட்டோட போவும்.

வாத்தியார் அந்த 38லருந்து மறுபடியும் ஆரம்பிச்சிருக்காரு. மாசம் ஒண்ணாம் தேதி போல்டர ஜிப் பண்ணி பொண்ணுக்கு அனுப்புறாரு, பென்டிரைவ்ல ஒரு காப்பி பீரோல வெக்குறாரு, எனக்கும் ஒண்ணு வாட்ஸ்அப்ல வரும். இந்த மாசம் திறந்து எண்ணி பாத்தேன், 112 இருந்துச்சு.