பக்கவாதம் வந்தவரை எப்போது எழுப்பி உட்கார வைப்பது?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த ஓரிரு நாளிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து நோயாளியை எழுப்பி உட்கார வைத்தால் வீட்டார் பதறிப்போகிறார்கள். "நேற்றுதானே விழுந்தார், படுத்திருக்கட்டுமே" என்கிறார்கள். ஆனால் படுக்கையிலேயே கிடப்பதும் ஆபத்துதான். அசையாத காலில் ரத்தம் உறையும்; அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவும் வரும்.

மூளைக்குள்ளும் ஒன்று நடக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் ரண்டால் நூடோவின் குழு, அணில் குரங்குகளின் மூளையில் கையை இயக்கும் இடத்தில் சிறு சேதம் உண்டாக்கிப் பார்த்தது. பயிற்சி இல்லாத குரங்குகளில், தப்பிப் பிழைத்த பகுதியிலும் கைக்கான இடம் சுருங்கியது. பயிற்சி பெற்றவற்றில் அந்த இடம் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில், முன்பு முழங்கையையும் தோளையும் இயக்கிய இடத்துக்குள்ளும் கைக்கான இடம் பரவியது.

சரி, அப்படியானால் முதல் நாளிலிருந்தே முடிந்த மட்டும் பயிற்சி கொடுத்துவிடலாமே? ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் நடந்த 'அவெர்ட்' ஆய்வு இதைத்தான் சோதித்தது: 5 நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 3 மாதம் கழித்து, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் தீவிரப் பயிற்சிப் பிரிவில் 46 சதவீதம். வழக்கமான பிரிவில் 50 சதவீதம். எதிர்பார்த்ததற்கு நேர்மாறான இந்த முடிவு 2015-இல் வெளிவந்தது. மறைக்காமல் சொன்ன அந்தக் குழுவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி? மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டுச் சேதமான இடத்தைச் சுற்றி, குறைந்த ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள் உண்டு. நிமிர்ந்து உட்காரும்போது ரத்த அழுத்தம் இறங்கினால் அவற்றுக்குப் போகும் ரத்தமும் குறையக்கூடும். இது உறுதியான முடிவல்ல, ஒரு விளக்கம்.

அதே தரவை மறுபடி அலசியபோது இன்னொன்று தெரிந்தது: குறுகிய நேரப் பயிற்சியை நாளில் பல தடவை பெற்றவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். நீண்ட நேரம் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் முதலில் ரத்த அழுத்தம் பார்க்கிறார், கட்டில் ஓரத்தில் பாதம் தரையில் படும்படி உட்கார வைக்கிறார், தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார், சில நிமிடங்களில் திரும்பப் படுக்க வைக்கிறார். அப்புறம் மறுபடி வருகிறார். அப்போது நீங்கள் கை கொடுப்பதானால், செயலிழந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இடம் நழுவிவிடும்.