பத்தாவது தடை இந்த வயதில் எதற்கு?

பதினாறு வயதுப் பெண் பிள்ளை ஓடும் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டமும் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடுவதும் ஒன்றேதான். அதே பத்துத் தடைகள், அதே 76.2 சென்டிமீட்டர் உயரம், நடுவில் அதே 35 மீட்டர். 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்காவது உயரத்தை 91.4-இலிருந்து 83.8 சென்டிமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. சென்னையில் பள்ளி ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டாக, இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் 300 மீட்டர்தான். முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு 35 மீட்டர் இடைவெளி, எதுவும் மாறாது. எட்டாவது தடையைத் தாண்டி 10 மீட்டரில் கோடு வந்துவிடும். அங்கே பழகிய தாளம் பின்னாளில் 400-க்கும் உதவும். கழிவது கடைசி 100 மீட்டர் மட்டுமே.

நான் பார்க்கும் காயங்களில் பல அந்த 100 மீட்டரில் வந்தவை. தடைகளுக்கு நடுவே 17 அடி வைத்து ஓடும் பிள்ளைக்குக் களைத்ததும் 18 தேவைப்படும். ஓரடி கூடினால் தாண்டும் கால் மாறிவிடும். மறு காலில் பழகாத பிள்ளை, தடைக்கு முன்னால் குட்டிக் குட்டியாக அடி வைத்து, எம்பிக் குதித்து, மொத்த எடையையும் ஒரு காலில் இறக்கும். நீட்டிய காலின் பின்தொடைத் தசை, இடுப்பெலும்பின் அடியில், உட்காரும்போது தரையில் படும் முனையைப் பிடித்து இழுக்கும். வளரும் வயதில் அங்கே தசையைவிட வளர்ச்சிக் குருத்தெலும்புதான் பலவீனமானது. பெரியவர்களுக்குத் தசை கிழியும் இடத்தில், இவர்களுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்துவிடலாம்.

"டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு சார்" என்று பிள்ளை சொன்னால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பெற்றோரின் அவசரம் புரிகிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும். வெறும் 400-இல் போட்டி கடுமை, ஹர்டில்ஸுக்கு வருபவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் வேகமுள்ள பிள்ளையை அரைகுறைப் பயிற்சியோடு இறக்கிவிடுகிறார்கள். அமெரிக்க ஓட்டக்காரர் சிட்னி மெக்லாஃப்லின் 2016-இல் பதினாறு வயதிலேயே 400 ஹர்டில்ஸை 54.15 விநாடியில் ஓடி ரியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானாரே என்று கோச்சுகள் கேட்பதுண்டு. அப்படிப்பட்ட திறமை கண்ணெதிரே இருந்தால் ஓடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பி.டி. உஷா 1982 ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டரில் வெள்ளி வென்ற பிறகே 400 ஹர்டில்ஸில் இறங்கினார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் அவர் 55.42 விநாடியில் ஓடியபோது வயது 20. நம் கோவை வித்யா ராம்ராஜ் 2023-இல் அந்த நேரத்தைச் சமன் செய்தபோது வயது 25. பத்தாம் வகுப்பில் 300 மீட்டர் ஓடினால் எந்தக் கதவும் மூடிவிடாது.

நேரு ஸ்டேடியத்திலோ பள்ளி மைதானத்திலோ, எட்டுத் தடைகளோடு பயிற்சியை நிறுத்திக்கொள்ளுங்கள். இரு கால்களிலும் தாண்டப் பழக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, சட்டென்று வளர்ந்திருந்தால் அந்தப் பருவத்தில் ஹர்டில்ஸைக் குறையுங்கள். எட்டாவது தடை வரை அடிக்கணக்கு குலையாத பிள்ளைக்கு மட்டும் 400-க்குப் பெயர் கொடுங்கள். பள்ளிப் போட்டிகளை நடத்துபவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான்: 17 வயது வரை 300 மீட்டரை வையுங்கள்.