லேபிளுக்கு மேலே 16 பிக்சல், கீழேயும் 16 பிக்சல்

ஒரு முன்பதிவு ஃபார்மை ஏழெட்டுப் பேரிடம் கொடுத்து, அவர்கள் நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் போன் நம்பரை மின்னஞ்சல் கட்டத்தில் அடித்தார்கள். முதல் ஆள் அடித்தபோது அவசரம் என்று நினைத்தேன். மூன்றாவது ஆளும் அதையே செய்த பிறகுதான் திரையை உற்றுப் பார்த்தேன். 'கைபேசி எண்' என்ற லேபிளுக்கு மேலே மின்னஞ்சல் கட்டம், கீழே அதற்கு உரிய கட்டம். இரண்டு பக்கமும் சரியாக 16 பிக்சல் இடைவெளி. அந்த லேபிள் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று திரை எங்குமே சொல்லவில்லை. தவறு அவர்களுடையது இல்லை, வடிவமைத்த எங்களுடையது.

கீழே இருந்த 16-ஐ 8 ஆக்கினோம், மேலே இருந்ததை 32 ஆக்கினோம். நிறம், எழுத்து, கோடு எதையும் தொடவில்லை. அடுத்த முறை உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூடக் கட்டம் மாறி அடிக்கவில்லை.

அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே புள்ளிகளை வரைந்து காட்டிவிட்டார். திரையில் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறோம். உள்ளே இருக்கும் இடைவெளி சின்னது, வெளியே இருப்பது பெரியது. குறைந்தது இரண்டு மடங்காவது வித்தியாசம் வேண்டும் என்பது என் அனுபவம். 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியாது, அல்லது ஏதோ பிசகியது போலத் தெரியும். 4, 8, 16, 24, 32 என்று ஒரு வரிசையை முடிவுசெய்துகொண்டு அதற்குள்ளேயே நிற்பது டெவலப்பருக்கும் எளிது.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஒரு பேனர் போடலாமே" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அச்சில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் காசு கொடுத்துப் பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். வாதாடுவதைவிட, பேனர் போட்டு நெருக்கிய திரை, இடம் விட்ட திரை என இரண்டு வடிவத்தையும் செய்து காட்டி, "கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, சொல்லுங்கள்" என்று அவரிடமே கேட்பேன். நெருக்கமான திரையில் அவர் கண் அலைவதை அவரே உணர்ந்துவிடுவார்.

விரல் படும் இடத்தில் இடைவெளி இன்னும் முக்கியம். 'சேமி' பட்டனுக்கு ஒட்டினாற்போல் 'நீக்கு' பட்டனை வைப்பது ஆபத்து. பட்டன்கள் 44 பாயின்ட் (ஆப்பிள் திரைகளை அளக்கும் அலகு) அளவாவது இருக்கட்டும் என்கிறது ஆப்பிள், கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் தன் அலகில் 48 என்கிறது. மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் (WCAG) 2023-ம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சம் 24 பிக்சல் கேட்கிறது. அதில் எனக்குப் பிடித்த விலக்கு ஒன்று உண்டு. பட்டன் அதைவிடச் சின்னதாக இருந்தாலும், அதன் நடுவில் 24 பிக்சல் விட்டத்துக்கு வட்டம் போட்டால் அந்த வட்டம் பக்கத்துப் பட்டன் மேலோ, அதுவும் சின்னதென்றால் அதன் வட்டத்தின் மேலோ விழாமல் இருந்தால் போதும். அதாவது, சுற்றியுள்ள வெறும் இடத்தையும் பட்டனின் பங்காகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

தமிழில் வடிவமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தை வைத்து முடிவுசெய்த வரி உயரத்தில் தமிழைக் கொட்டினால், மேல்வரியின் 'கூ', 'ழு' கீழ்வரியின் 'கீ', 'றி' மேல் இடிக்கும். நான் எழுத்தளவைப் போல் 1.6 மடங்குக்குக் குறைந்து வைப்பதில்லை. பட்டனுக்கு நிலையான உயரமும் கொடுக்க வேண்டாம். 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' இரண்டு வரிக்கு மடங்கும்போது எழுத்தின் கால் வெட்டுப்படும். நான்கு பக்கமும் பேடிங், அதாவது எழுத்துக்கும் பட்டன் விளிம்புக்கும் நடுவே இடம் கொடுத்து, பட்டன் தானாக வளர விடுங்கள்.

இதற்காக இடத்தை வாரி இறைத்தாலும் சிக்கல்தான். ஒரு கட்டணப் பக்கத்தில் மொத்தத் தொகைக்குக் கீழே அழகுக்காகப் பெரிய இடைவெளி விட்டிருந்தேன். சின்ன போன்களில் திரை சரியாக அந்த வெற்றிடத்தில் முடிந்தது. பக்கமே முடிந்துவிட்டது என்று நினைத்து, பணம் செலுத்தும் பட்டனைப் பார்க்காமலே பலர் திரும்பிப் போனார்கள். இப்போது அடுத்த பகுதியின் தலை கொஞ்சமாவது எட்டிப் பார்க்கிறதா என்று சின்ன போனில் வைத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

அப்புறம், ஸ்கிரீன்ஷாட்டை எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்கிப் பார்ப்பேன். அந்த முன்பதிவு ஃபார்மின் பழைய வடிவம் அப்படிப் பார்த்தபோது ஒரே சீரான பட்டைகளாகத்தான் தெரிந்தது. மாற்றிய பிறகு, எழுத்து எதுவும் தெரியாமலே, லேபிளும் கட்டமுமாக ஜோடி ஜோடியாகப் பிரிந்து நின்றது.