மாட்டு மருந்தைத் தேன் பெட்டிக்குள் ஊற்றாதீர்கள்

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் பெட்டி. மூடியைத் திறந்தால் அடையெல்லாம் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் தேனும் இருக்கிறது, தேனீயைத்தான் காணோம். அடிப்பலகையில் ஒரு கைப்பிடி செத்துக் கிடக்கிறது. உள்ளேயிருந்து மருந்து நெடி மூக்கைத் துளைக்கிறது.

"என்ன தம்பி போட்டீங்க?"

"உண்ணி மருந்து மிஸ். மாட்டுக்கு வாங்குனதுல மிச்சம் இருந்துச்சு. யூடியூப்ல பார்த்துட்டுத்தான் போட்டேன்."

இந்தப் பதிலை எத்தனை வீட்டில்தான் கேட்பது? ஒருவர் மாட்டு மருந்தைப் பஞ்சில் நனைத்து வைக்கிறார். ஒருவர் நாய்க்கு வாங்கியதைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார். இன்னொருவர் வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லி பெட்டிக்குள் தொங்கவிடும் ஏதோ மருந்துப் பட்டி வரவழைத்திருக்கிறார். எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை: தேனீ போனால் காரணம் உண்ணி, உண்ணிக்கு மருந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும். விவசாயப் போதனாசிரியராக வேலை பார்க்கும் எனக்குக் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோக்கள். அதில் வருவது ஏப்பிஸ் மெல்லிபெரா என்ற மேல்நாட்டுத் தேனீ. உங்கள் பெட்டியில் இருப்பது ஏப்பிஸ் செரானா, நம் ஊர்த் தேனீ. இரண்டும் பெட்டியில் வளரும், இரண்டும் தேன் தரும், அதோடு சரி. வரோவா உண்ணி மேல்நாட்டுத் தேனீக்கு எமன். மருந்து இல்லாமல் விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் கூட்டத்தையே முடித்துவிடும். ஆனால் அந்த உண்ணியின் சொந்த வீடே நம் செரானாதான். 1904இல் ஜாவாத் தீவில் செரானாக் கூட்டிலிருந்துதான் வரோவாவை முதன்முதலாக விவரித்தார்கள். மேல்நாட்டுத் தேனீயை அழிப்பது அதற்கு நெருங்கிய வேறோர் இனம் என்று 2000ஆம் ஆண்டில்தான் பிரித்துப் பெயர் வைத்தார்கள். அந்த இனமும் செரானாவிடமிருந்து போனதுதான். மேல்நாட்டுப் பெட்டிகளை ஆசியாவுக்குக் கொண்டுவந்து செரானாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், உண்ணி இடம் மாறிக்கொண்டது.

காலங்காலமாக ஒன்றாகவே வாழ்ந்ததால் இந்த உண்ணியை எப்படிச் சமாளிப்பது என்று நம் தேனீக்குத் தெரியும். உடம்பில் ஏறினால் காலால் தட்டிவிடும், பக்கத்துத் தேனீ கடித்து எடுத்துப் போடும். வேலைக்காரத் தேனீயின் புழு அறைக்குள் உண்ணி நுழைந்தால் அந்தப் புழு சீக்கிரமே சாகும். கூட்டம் அதை மோப்பம் பிடித்து, மூடியைப் பிய்த்து, புழுவையும் உண்ணியையும் சேர்த்து வெளியே இழுத்துப் போட்டுவிடும். ஆகவே செரானாக் கூட்டில் உண்ணி குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் ஆண் தேனீ அறையில்தான். அங்கேயும் ஓர் அறைக்குள் அளவுக்கு மீறி உண்ணி ஏறினால், நலிந்துபோன ஆண் தேனீக்கு அந்தக் கெட்டி மூடியைத் தள்ளித் திறக்கப் பலம் இருக்காது. வேலைக்காரத் தேனீயும் திறந்துவிடாது. ஆண் தேனீயும் உண்ணியும் அதற்குள்ளேயே சமாதி. ஆண் தேனீ வளர்வதும் வருடம் முழுக்க இல்லை, கூட்டம் பிரியும் காலத்தில்தான். அப்புறம் உண்ணி எங்கே பெருகும்?

இவ்வளவு ஏற்பாடு உள்ள கூட்டத்துக்குள்தான் நாம் அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தை ஊற்றுகிறோம். தேனீக்கென்று வரும் அமிட்ராஸ் பட்டியில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி அளந்து செய்திருப்பார்கள், அதுவும் மேல்நாட்டுத் தேனீயின் பெரிய கூட்டத்துக்கு. மாட்டு மருந்து போத்தலில் இருப்பது கரைப்பானோடு சேர்ந்த திரவம். நம் தேனீக்கு நெடி பிடிக்காவிட்டால் பெட்டியை விட்டுக் கிளம்ப ஒரு நாள் போதும். கிளம்பாமல் இருந்தாலும் மருந்தின் மிச்சம் மெழுகில் தங்கும். அந்த அடையில் எடுத்த தேனைத்தான் கைக்குழந்தைக்கு நாக்கில் தடவுகிறீர்கள். (மருந்து போடாத தேனாக இருந்தாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. அது வேறு கதை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.)

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வரவைப்பது அந்த ஓட்டை விவகாரம்.

"அடையில ஓட்டை ஓட்டையா இருக்கு மிஸ், உண்ணி துளைச்சிருக்கு." உண்ணி துளைக்காது. உங்களிடம் ஒரு அடையைக் கையில் கொடுத்து நேரில் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே கொஞ்சம் பெரிய அறைகள், மூடி மேலே கூம்பிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு கூம்பின் உச்சியிலும் நட்ட நடுவில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை. வரிசையாக எல்லாவற்றிலும் இருக்கும், ஓரம் சுத்தமாக வட்டமாக இருக்கும். அது ஆண் தேனீ அறை. செரானாவின் ஆண் அறை மூடி அப்படித்தான் அமையும், அது நோயும் இல்லை, பூச்சி வேலையும் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து அடையைப் பாதிக்கு வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல பலமான கூட்டங்கள், பிரிந்து இன்னொரு பெட்டி நிறையத் தயாராக இருந்தவை.

பயப்பட வேண்டிய துளை வேறு. அடையின் நடுப்பகுதியில், மட்டமான மூடி போட்ட வேலைக்காரத் தேனீ அறைகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஓரம் பிய்ந்து கோணல்மாணலாக இருக்கும். சில அறைகளில் மூடியே இருக்காது. அப்படிக் கண்டால் ஒரு ஊசியாலோ தீக்குச்சியாலோ அந்த மூடியை மெல்ல நீக்கிப் பாருங்கள். உள்ளே புழு தலையை மேலே தூக்கி நீட்டிப் படுத்திருக்கும். தொட்டால் அசையாது. முத்து வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சள் தட்டி, தலைப்பக்கம் முதலில் கறுக்கத் தொடங்கியிருக்கும். பக்குவமாக வெளியே தூக்கினால் தோல் கிழியாமல் ஒரு பை போல வரும், அடியில் தண்ணீர் தளும்பும். நாளாகிக் காய்ந்ததென்றால் கறுப்பாகச் சுருண்டு, தட்டினால் உதிரும். அழுகல் நாற்றமும் அவ்வளவாக இருக்காது. இதுதான் பைப்புழு நோய். இது வைரஸ். செரானாவைத் தாக்கும் வகையை 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டார்கள். அது 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் நுழைந்து கேரளா, கர்நாடகா, தமிழ்நாட்டுப் பெட்டிகளில் 90 சதவீதத்துக்கு மேல் காலி செய்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் வளர்வதும் இதே செரானாதான்.

இதற்கு மருந்து இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இல்லை. டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சீனிப் பாணியில் கரைத்துக் கொடுப்பவர்களுக்கு: அது பக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது, தேனில்தான் சேரும். உண்ணி மருந்து ஊற்றுபவர்களுக்கு: இந்த நோய் பரவ உண்ணி தேவையே இல்லை. செத்த புழுவை இழுத்துப் போடும் இளம் தேனீ அந்தப் பைத் தண்ணீரோடு வைரஸையும் வாயில் எடுத்துக்கொள்கிறது, அப்புறம் அதே வாயால் அடுத்த புழுவுக்கு ஊட்டுகிறது. அவ்வளவுதான். உண்ணியோடு சேர்ந்து வரும் வைரஸ் ஒன்று இருக்கிறது. அது வந்தால் பொரித்து வரும் தேனீயின் இறக்கை கசங்கிச் சுருண்டிருக்கும், பறக்க முடியாமல் பெட்டி வாசலில் ஊர்ந்து திரியும். மேல்நாட்டில் பெட்டிகளை அழிப்பது அந்தக் கூட்டணிதான். நம் பக்கத்தில் நான் திறந்து பார்க்கும் பெட்டிகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் செத்த புழுதான், கசங்கிய இறக்கை அபூர்வம்.

மஞ்சள் தண்ணீர், வேப்பெண்ணெய், பெருங்காயப் புகை என்று கைவைத்தியம் செய்பவர்களையும் விட மனமில்லை. மஞ்சள் கொல்லாது, ஆனால் அதைத் தெளிக்கிறேன் என்று தினமும் காலையும் மாலையும் பெட்டியைத் திறக்கிறீர்களே, அது கொல்லும். நுவரெலியாக் குளிரில் புழு அடை திறந்து கிடந்தால் என்ன ஆகும்?

சரி, நோய் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் உங்கள் கையால். இந்தப் பெட்டி மெலிந்துவிட்டது என்று அந்தப் பெட்டியிலிருந்து புழு அடை எடுத்து மாற்றுவீர்கள். ஒரே கத்தியால் பத்துப் பெட்டியிலும் தேன் எடுப்பீர்கள். காலியான பெட்டியைக் கழுவாமல் காட்டில் பிடித்த புதுக் கூட்டத்தைக் குடிவைப்பீர்கள். கடையில் வாங்கிய தேனைத் தேனீக்கே தீனியாக வைப்பீர்கள். அது எந்த ஊர்த் தேன், எந்த நோய்க் கூட்டத்தின் தேன், யாருக்குத் தெரியும்?

நோய் கண்ட பெட்டியை முதலில் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். செத்த புழு நிறைந்த அடைகளை வெட்டி எடுத்து எரியுங்கள், குப்பைக் குழியில் போடாதீர்கள், மற்றத் தேனீ வந்து நக்கும். இராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம் போல முட்டையிடாமல் வையுங்கள். அல்லது அவளை எடுத்துவிட்டுக் கூட்டம் புது இராணி வளர்க்க விடுங்கள். புழு இல்லாத இடைவெளியில் வைரஸ் பெருக இடமிருக்காது. அந்த நாட்களில் சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து, பொழுது சாயும் நேரத்தில், பெட்டிக்கு உள்ளே வையுங்கள். கித்துள் பாணி, கருப்பட்டிக் கரைசல் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். வெள்ளைச் சீனிதான் நல்லது, விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கத்தியை ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் நெருப்பில் காட்டுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காலிப் பெட்டியைக் கழுவி, உள்பக்கத்தைத் தீயில் வாட்டி, நன்றாக வெயிலில் காயவிட்டுத்தான் மறுபடி பாவிக்க வேண்டும். அப்படியும் ஒரு கூட்டம் தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதை வைத்து அழுவதைவிட, பக்கத்தில் நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டம் எது என்று பார்த்து அதிலிருந்து பிரித்து எடுங்கள். கேரளாக்காரர்கள் மீண்டு வந்தது அப்படித்தான்.

கூட்டம் பலமாக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை வாரக்கணக்கில் கொட்டும்போதும், ஊவாப் பக்கம் வருடக் கடைசி மழையிலும் தேனீ வெளியே போக முடியாது. அந்த நேரத்தில் பெட்டியைப் பட்டினி போட்டுவிட்டு, வெயில் வந்ததும் நோய் என்று சொல்லி என்னை அழைத்து என்ன பயன்? யூகலிப்டஸ் பூக்கும் காலத்தில் எடுத்த தேனில் கொஞ்சத்தை அடையிலேயே விட்டுவைத்திருக்கலாமே. அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைத்து, தேனீ உட்காராத பழைய அடையை எடுத்துவிடுங்கள். மெழுகுப் புழு வருவது அங்கேதான், நம் பெட்டிகளுக்கு உண்ணியைவிடப் பெரிய எதிரி அதுதான். எடுத்துவைத்த அடைக்கு நப்தலின் உருண்டை போடாதீர்கள், இரண்டு நாள் பிரீசரில் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

ஒரே நாளில் வாசல் முழுக்கக் குவியலாகச் செத்து, பல தேனீ நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தால் அது நோயே அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் போஞ்சிக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். வெலிமடையில் இது அடிக்கடி நடக்கிறது. பூத்திருக்கும்போது அடிக்க வேண்டாம், முடியாவிட்டால் பொழுது சாய்ந்து அடியுங்கள் என்று அந்த அண்ணனிடம் போய்ப் பேசுங்கள், சண்டை போடாமல்.

தொழிற்சாலைக் கூரையிலும் கற்பாறையிலும் தொங்கும் மலைத்தேனீயிலிருந்து உண்ணி இறங்கி வருமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்கென்று தனி உண்ணி உண்டு. அதில் ஓர் இனத்தை 1982இல் நம் நாட்டு மலைத்தேனீயிலிருந்தே புதிதாக விவரித்திருக்கிறார்கள். நம் பெட்டித் தேனீக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆகவே அந்தக் கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள். கலைந்த கூட்டம் வந்து கொட்டுவது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அக்காமாரைத்தான்.

கடைசியாக, தயவுசெய்து, கேட்டுக்கொள்கிறேன்: வெளிநாட்டிலிருந்து இராணித் தேனீயோ பழைய பெட்டியோ அடையோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். "அது நிறையத் தேன் தரும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு. வரோவா இல்லாமல் இருந்த அவுஸ்திரேலியாவில் 2022இல் அது நுழைந்தது, ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்தும் தடுக்க முடியாமல் 2023இல் ஒழிக்கும் முயற்சியையே கைவிட்டார்கள். இங்கே பெட்டி எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊரில் நோயில்லாத கூட்டமாகப் பார்த்து எடுங்கள், வாங்குமுன் புழு அடையைத் தூக்கிப் பாருங்கள். பயிற்சிக்கு பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது. உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் சொன்னால் வழி காட்டுவார்.

எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புபவர்களுக்கு இன்னொன்று. பெட்டியின் வெளிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி "என்ன நோய் மிஸ்?" என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? தேனீயை மெல்லத் தட்டிவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அடையின் நடுப்பகுதியைக் கிட்டத்தில் படமெடுங்கள். மூடி கிழிந்த இரண்டு மூன்று அறையைத் திறந்து அதையும் எடுங்கள். எடுத்துவிட்டு அடையைச் சீக்கிரம் உள்ளே வையுங்கள். நான் பதில் போடும்வரை எதையும் ஊற்றாதீர்கள்.