தகரம் பாடாமல் இருக்க

எவர்சில்வர் தட்டு கை தவறி விழுந்தால் வீடே அதிரும். ஓடிப்போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் சத்தம் சட்டென அடங்கும். தட்டின் அதிர்வைக் கையின் சதை வாங்கி, துளியளவு வெப்பமாக்கிவிடுகிறது. சத்தத்தைக் குறைக்கக் காரின் தகடுகளில் ஒட்டும் டேம்பிங் ஷீட்டுக்கும் இதே வேலைதான்.

கார்க் கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. கூரையும் டிக்கித் தரையும் அப்படித்தான். சாலை குலுக்கும்போது இவை தத்தம் சுருதியில் பாட ஆரம்பிக்கும். கனமாக எதையாவது ஒட்டினால் சரியாகிவிடுமா? மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அது எடைதான். சுருதி இறங்குகிறது, ஆனால் நாதம் நிற்பதில்லை. தகரமும் அப்படியே குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடும். அதை நிறுத்த, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தராத பொருள் வேண்டும்.

பியூட்டைல் ரப்பர் அப்படிப்பட்ட கஞ்சன். 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கியது. காற்றைக் கசியவிடாது என்பதால் டயர் டியூபாகப் புகழ்பெற்றது. இதில் பந்து செய்து போட்டால் சரியாகத் துள்ளாது, பொத்தென்று கிடக்கும். அந்தச் சோம்பல்தான் நமக்கு வேண்டிய குணம்.

ஆனால் ரப்பர் மட்டும் போதாது. தகடு வளையும்போது அதில் ஒட்டிய ரப்பரும் கூடவே வளைந்துவிட்டுப் போகும், பெரிதாக ஒன்றும் நடக்காது. அதன் முதுகில் அலுமினியத் தாள் இருந்தால் கதை வேறு. தாள் இழுபடாமல் முரண்டு பிடிக்கும், கீழே தகடு வேறு பக்கம் இழுக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மாவை வைத்துத் தேய்ப்பதுபோல ரப்பர் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். அந்த நசுக்கலில்தான் அதிர்வு வெப்பமாகிறது. இதன் கணக்கை 1959இல் எட்வர்டு கெர்வின் எழுதிவைத்தார். ஆகவே கடையில் ஷீட்டை வாங்கும்போது தடிமனை மட்டும் பார்க்காமல், மேல் தாளை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு அடித்த பிளாஸ்டிக் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். தார் ஷீட்டும் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் சித்திரை வெயிலில் கூரையில் ஒட்டிய தார் இளகி நாறும்.

தகட்டின் நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். அங்கே நான்கில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பாலான அதிர்வு அடங்கிவிடும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. ஒட்டிய பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’ என்றது ‘தொப்’ என்றால் போதும். காரையே வெள்ளித்தாளில் பொட்டலம் கட்டுவது கடைக்காரருக்குத்தான் லாபம்.

அதற்குள் கொண்டாடிவிட வேண்டாம். தகட்டின் பாட்டு நின்றாலும் வெளிச்சத்தம் உள்ளே வரும். அதைத் தடுக்க எடை வேண்டும், எடையோ கறாரான வியாபாரி. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அதுவும் ஏட்டுக் கணக்கில். 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5.5 கிலோ. அதன்மேல் சதுர மீட்டருக்கு 3 கிலோ ஷீட்டை முழுக்க ஒட்டினாலும் குறைவது 4 டெசிபலைத் தொடாது. அதே சமயம் கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால்கூட, மீதியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கிழிந்த டோர் பீடிங்கை, அதாவது கதவோர ரப்பர் பட்டையை, முதலில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் ஃபோம். ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் காற்று உள்ளே புகுந்து உராய வேண்டும். கண்ணறைகள் (உள்ளே இருக்கும் சிறு குமிழிகள்) மூடிய ஃபோமில் காற்று புகாது, எடையும் இல்லை. வெப்பத்தைத் தடுக்கவும், பிளாஸ்டிக் பாகங்கள் உரசாமல் இருக்கவும் அது நல்லது. ஒலித்தடுப்பு என்று அதை விற்பது கொஞ்சம் அதிகம். பஞ்சு, கம்பளம் போன்றவை உறிஞ்சும், ஆனால் தடிமன் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். 1 சென்டிமீட்டர் பஞ்சு அதை என்ன செய்யும்? காற்றின் சீழ்க்கையை விழுங்கும், டயரின் உறுமலை விட்டுவிடும். உறுமல்தான் தொல்லை என்றால் முதலில் டயரைப் பாருங்கள்.

கதவுக்குள் ஒட்டும்போது அடியில் இருக்கும் சிறு துளைகளை மூடிவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அதில்தான் வெளியேறுகிறது. நீரை உறிஞ்சும் பஞ்சை அங்கே வைத்தால் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

எல்லாம் முடிந்து முதல் நாள் ஓட்டும்போது டேஷ்போர்டில் ஒரு கீச்சொலி கேட்கும். புதிதாக வந்ததில்லை, இத்தனை நாள் பெரிய இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தது. என் காரில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.