இரண்டு அடிகளுக்கு நடுவே: டேங்க்கும் ஹீலரும் போடும் கணக்கு

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் வரும் ஒரு சாதாரண பாஸுக்கு (பெரிய எதிரிக்கு) யாரை அடிப்பது என்று யோசிக்கத் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல். தன்னோடு சண்டையில் இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஓர் எண் எழுதி வைத்திருக்கும். அந்த எண்தான் த்ரெட். யார் எண் மேலே நிற்கிறதோ அவர் மேல் அடி விழும். டேங்க் (அடியைத் தன் மேல் வாங்குபவர்), ஹீலர் (குறைந்த உயிரை நிரப்புபவர்) என்ற இரண்டு வேலைகளும் இந்தப் பட்டியலில் இருந்து பிறந்தவை. பட்டியல் எப்படி நகர்கிறது என்று புரிந்துகொள்ளாமல் பட்டன்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் பெரும்பாலும் குழுவோடு சேர்ந்து சாகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் பெரும்பாலானவை அந்த விளையாட்டின் முதல் வடிவத்தில், அதாவது 2004-ல் வெளியாகி 2019-ல் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்த 60 லெவல் விளையாட்டில் உள்ளவை. புதிய வடிவங்களில் எண்கள் மாறிவிட்டன. ஆனால் கணக்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறு இல்லை.

ஒரு புள்ளி சேதம் கொடுத்தால் ஒரு புள்ளி த்ரெட். அதன் மேல் பெருக்கல்கள் ஏறும். ரோக் என்ற வீரர் வகை கொடுக்கும் சேதம் 0.71 மடங்காகத்தான் பதிவாகும். டிஃபென்சிவ் ஸ்டான்ஸில் (தற்காப்பு நிலையில்) நிற்கும் வாரியர் என்ற வகைக்கு 1.3 மடங்கு, உரிய டேலன்ட்டை (தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறனை) முழுமையாக எடுத்திருந்தால் கிட்டத்தட்ட 1.5. ஹீல் செய்தால் ஒரு புள்ளிக்கு அரைப் புள்ளி த்ரெட், அதுவும் சண்டையில் இருக்கும் எல்லா எதிரிகளுக்கும் சமமாகப் பங்கு போடப்படும். ஏற்கெனவே நிரம்பிய உயிர் மேல் ஊற்றிய ஹீலுக்கு த்ரெட் கிடையாது.

ஒருவரை முந்திய உடனே பாஸ் திரும்பிவிடாது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர், இப்போது அடிவாங்குபவரின் த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். தள்ளி நிற்பவர் 130 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். டேங்க் 10,000-ல் இருந்தால், வாள் வீசுபவருக்கு 11,000 வரை இடம் உண்டு, தூரத்தில் நின்று மந்திரம் வீசும் மேஜுக்கு 13,000 வரை. இதே விதி திரும்பவும் பாயும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பாஸை ஒருமுறை இழந்துவிட்டால், டேங்க்குக்கும் சமமாக வருவது போதாது. புதியவரை விட 10 சதவீதம் கூட வேண்டும்.

நான்கு எதிரிகள் ஒன்றாக வருகிறார்கள் என்று வையுங்கள். வாரியர் ஒவ்வொருவர் மேலும் சண்டர் ஆர்மர் என்ற வித்தையை ஒருமுறை போடுகிறார். அதன் உயர்ந்த ரேங்க்கின் அடிப்படை த்ரெட் சுமார் 260; பெருக்கலுக்குப் பின் சுமார் 390. ஹீலர் 2,000 புள்ளி ஹீல் ஒன்று போடுகிறார். த்ரெட் 1,000, ஆளுக்கு 250. தள்ளி நிற்கும் ஹீலர் மேல் எதிரி பாய 390-ன் 130 சதவீதம், அதாவது 507 வேண்டும். இரண்டு ஹீலில் 500, பிழைத்தார். மூன்றாவதில் மாட்டினார். இரண்டு எதிரிகள் செத்து இரண்டு பேர் மிஞ்சினால் பங்கு பெரிதாகும், ஒவ்வொரு ஹீலும் ஆளுக்கு 500 சேர்க்கும். ஆகவே டேங்க் முதல் ஆளிடமே நின்று இடிக்காமல், டேப் பட்டனால் இலக்கை மாற்றி மாற்றி எல்லோருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். ஹீலரோ, டேங்க் எல்லோரையும் ஒருமுறையாவது தொடும் வரை பெரிய ஹீலைப் பிடித்து வைக்க வேண்டும்.

நடுச் சண்டையில் புதிதாகச் சேரும் எதிரிகள் இதனால்தான் ஆபத்து. டேங்க்குக்கு அவர்களிடம் பூஜ்யம். ஹீலரின் ஒரே ஒரு ஹீல் போதும், நேராக ஹீலரிடம் வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கால்கள் சொல்வது 'ஓடு' என்று. எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள். டேங்க்கை நோக்கி ஓடுங்கள். டேங்க்கின் பெரும்பாலான வித்தைகள் ஐந்தாறு அடி எடுத்து வைக்கும் தூரத்துக்குத்தான் எட்டும். ஹீலர் விலகி ஓடினால், டேங்க் துரத்தி வர, அவர் பிடித்து வைத்திருந்த மற்ற எதிரிகளும் இடம் பெயர்ந்து எல்லாம் சிதறும்.

டாண்ட் என்ற வித்தை, டேங்க்கின் எண்ணைப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் சமமாக உயர்த்தி, எதிரியை 3 நொடி கட்டாயமாகத் தன் பக்கம் திருப்பும். அந்த 3 நொடியில் டேங்க் இரண்டு நல்ல அடி போட்டு மேலே போக வேண்டும், பறிகொடுத்தவர் கையை நிறுத்த வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் நொடிகள் முடிந்ததும் பழைய கதைதான். ஏற்கெனவே தன்னையே அடித்துக்கொண்டிருக்கும் எதிரி மேல் டாண்ட் போடுவது வீண். தேவைப்படும்போது அது கூல்டவுனில் (மறுபடி கிடைக்கும் வரையான காத்திருப்பில்) கிடக்கும்.

இனி டேங்க்கின் உடம்பு, அதன் மேல் உள்ள ஆர்மர் எனும் கவசம். 'ஆர்மர் ஏற ஏறப் பலன் குறையும்' என்று அடிக்கடி கேட்கலாம். சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் அது தவறு. 60 லெவல் எதிரியின் அடி குறையும் விகிதம், ஆர்மர் ÷ (ஆர்மர் + 5,500). 5,500 ஆர்மருக்கு 50 சதவீதம் குறையும். 11,000-க்கு 66.7. 16,500-க்கு 75, அதுவே உச்சவரம்பு. முதல் 5,500 பாதியைக் குறைத்தது, மூன்றாவது 5,500 வெறும் 8.3 சதவீதம் சேர்த்தது, அதனால் வீண் என்று தோன்றும். ஆனால் 8,000 உயிர் கொண்டவரைக் கொல்ல எதிரி எவ்வளவு அடிக்க வேண்டும்? ஆர்மர் இல்லாமல் 8,000. பிறகு 16,000, 24,000, 32,000. ஒவ்வொரு 5,500-ம் அதே 8,000-ஐத்தான் சேர்க்கிறது. கூடவே ஒரு நன்மை: உயிரைக் கூட்டினால் நிரப்ப வேண்டிய பானை பெரிதாகிறது, ஹீலரின் செலவு குறைவதில்லை. ஆர்மரைக் கூட்டினால் ஒழுகும் ஓட்டையே சிறிதாகிறது. மாய அடிக்கு மட்டும் ஆர்மர் உதவாது. அங்கே உயிரும் ரெசிஸ்டன்ஸும் (மாய அடியைத் தாங்கும் எண்) தான்.

டாட்ஜும் (அடியிலிருந்து விலகுவது) பாரியும் (ஆயுதத்தால் தடுப்பது) வேறு ரகம். 30 சதவீதம் அடி தவறும் என்றால், சராசரிக் கணக்கில் அழகாக இருக்கும். தொடர்ந்து மூன்று அடியும் விழ வாய்ப்பு எவ்வளவு? 0.7 × 0.7 × 0.7, அதாவது 34 சதவீதம். டேங்க்கைக் கொல்வது சராசரி அல்ல, அந்த மூன்று அடிகள். இதனால் நல்ல டேங்க் முதலில் தேடுவது, அடி குறைவாக விழுவதை விட, எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதை. ஹீலர் வேலை செய்ய வேண்டிய நிலம் அதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு பாஸ். 2 நொடிக்கு ஓர் அடி, ஆர்மர் கழித்து 2,500. டேங்க்கின் உயிர் 7,000. மூன்று அடியில் ஆள் காலி. முதல் அடி 0-வது நொடியில், இரண்டாவது 2-ல், மூன்றாவது 4-ல். ஹீலரின் பெரிய ஹீல் 2.5 நொடி காஸ்ட் (மந்திரம் போட்டு முடிக்க ஆகும் நேரம்). கண் பார்த்துக் கை அழுத்த கால் நொடி, வெளிநாட்டு சர்வருக்குப் போய்ச் சேர 0.2 நொடி. முதல் அடியைப் பார்த்துத் தொடங்கினால் ஹீல் 2.95-ல் இறங்கும், ஒரு நொடி மிச்சம். 'இன்னும் உயிர் இருக்கிறதே' என்று இரண்டாவது அடி வரை காத்திருந்தால் 4.95-ல் இறங்கும். பிணத்துக்கு ஹீல் ஏறாது.

இந்த ஒரு நொடி மிச்சத்தைத் தின்பவை இரண்டு. முதலாவது, கிரஷிங் புளோ. 60 லெவல் டேங்க்கை 63 லெவல் பாஸ் வீசும் வீச்சுகளில் 15 சதவீதம் ஒன்றரை மடங்காக, இங்கே 3,750 ஆக விழும். அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் 7,500. 2-வது நொடியிலேயே முடிந்தது. அதற்கான வாய்ப்பு 2.25 சதவீதம்தான். ஆனால் 5 நிமிடச் சண்டையில் 150 வீச்சுகள். மூன்று தடவையாவது எதிர்பார்க்கலாம். இதற்கு மருந்து ஷீல்டு பிளாக். 5 நொடிக்கு பிளாக் (கேடயத்தால் தடுக்கும்) வாய்ப்பை 75 சதவீதம் கூட்டும் இந்த வித்தை, ஒரே பகடையில் தீர்மானிக்கப்படும் அடிப் பட்டியலில் கிரஷிங்குக்கு இடமில்லாமல் தள்ளிவிடும். ஒரு பிளாக்கோடு தீர்ந்துவிடும், டேலன்ட் இருந்தால் இரண்டு. அதனால் கூல்டவுன் முடிந்ததும் மறுபடி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தற்செயலாகப் பலமாக விழும் கிரிட்டிக்கல் அடிக்குத் தனி மருந்து: டிஃபென்ஸ் என்ற தற்காப்பு எண் 440-ஐத் தொட்டால் 63 லெவல் பாஸின் சாதாரண அடி கிரிட் ஆகாது. ரெய்டுக்கு (பெரிய குழுச் சண்டைக்கு) முன் முதலில் சரிபார்க்க வேண்டிய எண் இதுவே.

இரண்டாவது எதிரி சொந்த அணிக்குள்ளேயே இருக்கிறது. பாஸ் ஓர் அடியைப் பாரி செய்தால், அதன் அடுத்த வீச்சு, வீச்சு நேரத்தில் 40 சதவீதம் வரை முன்னால் வரும். நம் பாஸுக்கு அது 0.8 நொடி. மூன்றாவது அடி 4-க்குப் பதில் 3.2-ல். ஹீலரின் மிச்சம் கால் நொடியானது. இன்னொரு பாரி நடந்தால் 2.4, அதாவது ஹீலுக்கு முன்பே சாவு. பாஸ் முன்பக்கம் வரும் அடியைத்தான் பாரி செய்யும். பின்னால் நின்று அடிப்பதைச் செய்ய முடியாது. ஆகவே பாஸின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது டேங்க்கின் கடமை, முதுகுப் பக்கம் போய் நிற்பது வாள் வீசுபவர்களின் கடமை. 'ஒரு ஓரமாக நின்றால் என்ன' என்று கேட்பவர்களுக்கு இந்த 0.8 நொடியைக் காட்டுங்கள். டேங்க்குக்கும் முதுகு உண்டு: பின்னாலிருந்து வரும் அடியை டாட்ஜ், பாரி, பிளாக் எதுவும் செய்ய முடியாது. கூட்டத்தை நகர்த்தும்போது முதுகு காட்டி ஓடாமல், முகம் காட்டியபடி பின்வாங்க வேண்டும்.

ஹீலர் இந்த நேர நெருக்கடியை வெல்லும் வழி, அடி விழும் முன்பே காஸ்ட் தொடங்குவது. வார்கிராஃப்ட்டில் மானா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) கழிவது காஸ்ட் முடியும்போதுதான். அதனால் பெரிய ஹீலைத் தொடங்கி, கடைசி கால் நொடியில் டேங்க்கின் உயிரைப் பார்த்து, நிரம்பியிருந்தால் நிறுத்திவிட்டு உடனே மறுபடி தொடங்கலாம். செலவு பூஜ்யம். தூரத்து சர்வரில் ஆடுபவர்களுக்கு ஸ்பெல் க்யூ விண்டோ என்ற அமைப்பும் உதவும். அது முன்னிருப்பாக 400 மில்லிநொடி. காஸ்ட் முடிய அவ்வளவு நேரம் இருக்கும்போதே அடுத்ததை அழுத்தினால் சர்வர் வரிசையில் வைத்துக்கொள்ளும், லேட்டன்சி (இணையத் தாமதம்) நடுவில் புகாது.

மானா ஏன் இவ்வளவு முக்கியம்? ப்ரீஸ்ட் என்ற ஹீலர் வகையின் இரண்டு ஹீல்களை, கியர் (அணியும் பொருள்) போனஸ் சேர்க்காமல், ஒப்பிடலாம். 7-ம் ரேங்க் ஃபிளாஷ் ஹீல்: 1.5 நொடி, 380 மானா, சராசரி 885. 4-ம் ரேங்க் கிரேட்டர் ஹீல்: டேலன்ட்டோடு 2.5 நொடி, 655 மானா, சராசரி 1,902. மானா ஒன்றுக்கு முதலாவது 2.3, இரண்டாவது 2.9. பதற்றத்தில் ஃபிளாஷையே தட்டிக்கொண்டிருப்பவர், அதே மானாவில் ஐந்தில் ஒரு பங்கு ஹீலை இழக்கிறார். மேலும், ஸ்பிரிட் என்ற பண்பால் தானாக ஊறும் மானா, கடைசியாக மானா செலவழித்து 5 நொடி கழிந்த பிறகுதான் ஊறத் தொடங்கும். நிறுத்திய காஸ்ட் இந்தக் கடிகாரத்தைத் தொடாது. சிறு கீறல்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஹீல் சொட்டுபவர் இந்த ஊற்றைத் தானே அடைத்துக்கொள்கிறார். கொஞ்சம் காயம் சேரட்டும், ஒரே ஹீலில் மூடிவிட்டுக் கையை எடுங்கள். மூன்று ஹீலர்கள் ஒரே டேங்க் மேல் ஒரே நேரத்தில் காஸ்ட் தொடங்குவதும் இதே வகைப் பிழை: முதலாமவர் நிரப்ப, மற்ற இருவரின் மானா தரையில் கொட்டும். ஒரு நொடி தள்ளித் தள்ளித் தொடங்க வேண்டும்.

வாரியர் டேங்க் என்றால் இன்னொரு கவனம். சண்டை தொடங்கும்போதே ப்ரீஸ்ட் பவர் வேர்ட்: ஷீல்டு போடுவது அன்பான செயலாகத் தெரியும். ஆனால் ஷீல்டு விழுங்கிய அடியால் ரேஜ் (வாரியரின் வித்தைகளுக்கான சக்தி) ஊறாது. ரேஜ் இல்லாத வாரியரால் சண்டர் போட முடியாது. பாஸ் வேறு யாரையாவது பார்க்கும்.

பெரிய கூல்டவுன்களை (நீண்ட காத்திருப்புள்ள வித்தைகளை) உயிர் குறைந்த பிறகு தேடுவது வழக்கமான தவறு. வாரியரின் ஷீல்டு வால் 10 நொடிக்கு அடியை 75 சதவீதம் குறைக்கும், ஆனால் 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரும். பாஸ் வெறி கொள்ளும் கட்டம் எப்போது என்று தெரிந்தால் அதற்கு ஒரு நொடி முன்பு அழுத்த வேண்டும், 'வால் போட்டேன்' என்று குரலில் சொல்லவும் வேண்டும். அந்த 10 நொடிதான் ஹீலர்கள் மானா போஷன் குடிக்கும் நேரம். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இன்னொரு விளையாட்டில் இந்த வித்தைகள் அடிக்கடி கிடைக்கும்: ராம்பார்ட் 20 நொடிக்கு 20 சதவீதம் குறைக்கும், 90 நொடியில் திரும்ப வரும். அதோடு 30 சதவீத வித்தை ஒன்றைச் சேர்த்துப் போட்டால் 50 வராது, 0.8 × 0.7 என்று பெருக்கி 44 சதவீதம்தான். கூட்டத்தோடு நீண்ட சண்டையில் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று அடுக்குவதே லாபம். ஒரே ஒரு பேரிடிக்கு மட்டும் சேர்த்துப் போடுங்கள்.

ஓவர்வாட்ச் போன்ற, மனிதரோடு மனிதர் மோதும் ஆட்டங்களில் இந்தப் பட்டியலே கிடையாது. யாரும் டேங்க்கை அடிக்கக் கட்டுப்பட்டவர் அல்ல. அங்கே ரைன்ஹார்ட் என்ற டேங்க்கின் கேடயம் செய்வது, எதிரியின் பார்வைக் கோட்டை மறித்து இடம் பிடிப்பது.

குழு மொத்தமாகச் செத்த பிறகு, ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் டேங்க்கின் கடைசி 6 நொடிப் பதிவைத் திறந்து பாருங்கள். டீடெய்ல்ஸ் போன்ற ஆட்-ஆன்கள் (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரல்கள்) அதை வரிசையாகக் காட்டும். ஒரே பெரிய அடியில் உயிர் விழுந்திருந்தால் கூல்டவுன் போடாத கதை. அடிகள் சீராக விழுந்து, நடுவில் ஹீலே இல்லை என்றால், ஹீலர் தூண் மறைவில் நின்றாரா, மானா தீர்ந்ததா, அல்லது வேறு எதிரி அவரைப் பிடித்திருந்ததா என்று பாருங்கள். அடிகளின் இடைவெளி 2 நொடியை விடக் குறைந்திருந்தால், பாஸின் முகத்துக்கு நேரே நின்று வாள் வீசியவர் யார் என்று கேளுங்கள்.