வெப்பம் கடத்தும் சிலிகோன் கலவை: அளவை மாற்றினால் மட்டும் காப்புரிமை கிடைக்குமா?

கணினிச் செயலிக்கும் அதன் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் இடையே தடவப்படும் பசை, அங்கே சிக்கும் காற்றை வெளியேற்றுவதற்காகவே இருக்கிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026 வாட்/மீட்டர்-கெல்வின், வெறும் சிலிகோனுக்கும் அது 0.2-ஐ ஒட்டியே இருப்பதால், அலுமினா, துத்தநாக ஆக்சைடு, அலுமினியம் நைட்ரைடு போன்ற தூள்களை எடையில் 90 விழுக்காடு வரைகூடச் சேர்க்கிறார்கள். ஜல்லிக்கு நடுவே மணல் நிரம்புவதைப் போல, பெரிய துகள்களின் இடைவெளியைச் சிறிய துகள்கள் நிரப்புகின்றன. இவையெல்லாம் பல பத்தாண்டுகளாகக் காப்புரிமை ஆவணங்களில் பதிவாகியிருப்பதுதான் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு முதல் தடை.

அமெரிக்காவுக்கு அனுப்புவதற்காக என்னிடம் வரும் காப்புரிமை விண்ணப்ப வரைவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வினைல் தொகுதியுள்ள பாலிசிலாக்சேன் (சிலிகோனின் அடிப்படைப் பொருள்), பிளாட்டினம் வினையூக்கி, இரு அளவுகளில் அலுமினா, தூளின் மேற்பரப்பைப் பதப்படுத்தும் சிலேன் என்று கூறுகள் வரிசையாக நிற்கும். இறுதியில், தூள் 85 முதல் 92 விழுக்காடு என்று ஒரு வரம்பு இருக்கும். பழைய ஆவணம் ஒன்று 80 முதல் 95 விழுக்காடு என்று சொல்லியிருந்தால், வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதே, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் மறுப்பதற்குப் போதும். 2003-இல் பீட்டர்சன் வழக்கில், காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. வரம்புகள் படியாவிட்டாலும் நிம்மதி இல்லை. 1955-ஆம் ஆண்டின் ஆலர் வழக்கில் பழைய முறை 100 டிகிரி செல்சியஸிலும் 10 விழுக்காடு அமிலத்திலும் நடந்தது. விண்ணப்பதாரர் 40 முதல் 80 டிகிரியையும் 25 முதல் 70 விழுக்காட்டையும் கோரியும், வழக்கமான சோதனையால் எட்டக்கூடியதே என்று மறுக்கப்பட்டது.

விளைவைத் தீர்மானிக்கும் காரணி என்று முன்பு எவரும் அறியாத ஒன்றைச் சீர்செய்தால் நிலைமை மாறும் என்று 1977-ஆம் ஆண்டின் ஆன்டனி வழக்கு வழிவிடுகிறது. ஆனால் தூளைக் கூட்டினால் கடத்துதிறனும் பிசுபிசுப்பும் ஏறும் என்பதைத் துறையில் எல்லாரும் அறிவர் என்பதால், நம் கலவைகளுக்கு அந்த வழி அரிதாகவே திறக்கிறது. இரு பழைய ஆவணங்களை இணைக்க முடியாது என்ற வாதமும் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பின் வலுவிழந்துவிட்டது (கார் பெடலைப் பற்றிய அந்த வழக்குதான் இன்று பசைகளின் தலையெழுத்தையும் எழுதுகிறது). பிசுபிசுப்பைக் குறைக்கச் சிலேன் உதவும் என்று ஓர் ஆவணம் சொல்லியிருந்தாலே, அதை மற்றொன்றின் கலவையில் சேர்ப்பதற்கான காரணம் கிடைத்துவிடுகிறது.

கடத்துதிறன் இத்தனை வாட்டுக்கு மேல் என்று பண்பை மட்டும் உரிமைக்கோரலில் (எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் பகுதியில்) சேர்ப்பவர்களும் உண்டு. பழைய கலவை ஏறத்தாழ அதேதான் என்றால், அதற்கு அந்தப் பண்பு இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரர்மேல் விழும் என்பதால், இது எனக்குப் பலவீனமான உத்தியாகவே படுகிறது.

உண்மையில் காப்பது எதிர்பாராத விளைவைக் காட்டும் தரவு. ஒப்பீடு, மிக நெருங்கிய பழைய எடுத்துக்காட்டோடு இருக்க வேண்டும். தூளே சேர்க்காத சிலிகோனோடு ஒப்பிட்ட அட்டவணைக்கு மதிப்பில்லை. ஒரே நேரத்தில் துகளளவையும் சிலேனையும் மாற்றினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. 90 விழுக்காட்டில் மட்டும் அளந்துவிட்டு 85 முதல் 92 வரை கோரினால், தரவு கோரலின் பரப்புக்கு ஈடாகாது என்ற பதிலே வரும். வரம்பின் இரு முனைகளிலும், அவற்றுக்குச் சற்று வெளியேயும் அளந்திருக்க வேண்டும். கடத்துதிறன் சிறிது கூடியது என்பதைவிட, சூடேறிக் குளிரும் சுழற்சிகளில் பசை ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறுவது எதிர்பாராமல் குறைந்தது என்பதே பெரும்பாலும் நல்ல வாதமாக அமையும். ஆனால் அந்தச் சோதனையை ஆய்வகங்கள் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன.

அமெரிக்காவில் இத்தகைய தரவை உறுதிமொழி ஆவணமாகப் பின்னரும் அளிக்கலாம். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவு, கூறுகளின் பண்புகள் ஒன்றுசேர்வதைத் தவிர வேறெதுவும் விளையாத வெறும் கலவையை விலக்குவதால், கூறுகள் இணைந்து தரும் கூடுதல் பலனை கண்டுபிடிப்பை விளக்கி முதலில் தாக்கல் செய்யும் விவரக்குறிப்பிலேயே எண்களோடு காட்டிவிடுவது பாதுகாப்பானது. அதே விவரக்குறிப்பில் 87 முதல் 90, 88 முதல் 89 என்று குறுகிய வரம்புகளையும் எழுதிவைக்க வேண்டும். மறுப்பு வந்தபின் அவற்றைப் புதிதாக நுழைக்க இரு நாடுகளிலும் இடமில்லை.